ஷுக்கூர் பாய் எடுத்த ஸ்போர்ட் வண்டி

அப்துல் ஷுக்கூர் பாயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவேன். தொழுகை தவறமாட்டார். குடி, சீட்டு கிடையாது. விருந்து வைத்தால் கறியை ஒளித்து வைக்காமல் அள்ளிப் போடுவார். நாலு வார்த்தை அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மற்றபடி அந்த மனிதரை நினைத்தாலே எனக்கு இளக்காரம்தான் வருகிறது, அதை மூடி மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

நான் முருகேஷ், பாப்பாரப்பட்டிக்காரன். சொந்த வண்டி கிடையாது. வண்டி வைத்திருந்தும் ஓட்டத் தெரியாதவர்கள், ஓட்டப் பயப்படுகிறவர்கள் கூப்பிட்டால் போய் ஓட்டிக் கொடுப்பேன். ஆக்டிங் டிரைவர் என்று சொல்வார்கள். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

பாய்க்குத் தருமபுரியில் மெத்தைக் கடை, இண்டூரில் வீடு. வயசு ஐம்பத்தாறு. ஐம்பதாவது வயசில்தான் லைசன்ஸ் எடுத்தார், அதுவும் மூன்றாவது தடவையில். மூன்றாவது கியருக்கு மேல் ஒரு கியர் இருக்கிறது என்பதே அவருக்கு வதந்திதான். கடையின் மெத்தை வேனில் நாற்பதில் போவார்; வீட்டார் எங்காவது போகவேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் இவரும் அடிப்பார், எதற்கென்று அவருக்கே தெரியாது.

கடையில் மட்டும் ராஜா. மெத்தை வாங்க வருகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தே ஆகவேண்டும். "படுங்க, கூச்சப்படாதீங்க. படுத்துப் பாக்காம மெத்த வாங்குறவன் மாதிரி மடையன் ஒலகத்துல இல்ல" என்பார். படுத்தவன் எழுந்ததும் கட்டை விரலால் மெத்தையை அழுத்திக் காட்டுவார். "பாத்தீங்களா, அமுங்குதா? அமுங்காது. முதுகு வலிக்கு கட்டியான மெத்ததான். மெத்துனு இருந்தா எலும்பு வளஞ்சிரும்." கட்டி மெத்தை விற்காமல் கிடங்கில் அடைந்து கிடந்த வருஷத்தில் கண்டுபிடித்த வைத்தியம் அது. பாய் வீட்டில் படுப்பது இலவம்பஞ்சு மெத்தையில். நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறேன். ஆனால் பத்து வருஷம் சொல்லிச் சொல்லி, தான் கட்டிவிட்ட கதையைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டார். பொய் சொல்கிறவனையாவது பொறுத்துக்கொள்ளலாம். சொன்ன பொய்க்கே சீடனாகிப் போகிறவனை என்ன செய்வது?

இப்போது ஹாஜிரா அக்கா. பாயின் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேலத்தில் முதுகெலும்பில் ஆபரேஷன். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறக் கூடாது, தூக்கிப் போடுகிற வண்டியில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவின் ஒரே மகள் ஆஷிகா இருப்பது பெங்களூரில். முதல் பிரசவம் இண்டூரில் நடந்தது. இரண்டாவதில் ஏதோ சிக்கல், பயணமே கூடாது, இங்கேயேதான் பார்க்கவேண்டும் என்று அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆஷிகாவுக்கு முதல் பிரசவத்திலேயே ரத்தம் நிறையப் போய் பிழைத்தது பெரிய விஷயம். அதனால் பெண் போனில் அழுகிறது, "அம்மா, என்னை உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நீ வந்துரும்மா" என்று.

அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். அவருடைய அப்பா அவர் பேரில் எழுதி வைத்திருந்த மனையை விற்றார். ஒரு கார் எடுக்கச் சொல்லிப் பணத்தைப் பாய் கையில் கொடுத்தார். என் காதுபடச் சொன்னது இது: "கலரு எதுவா இருந்தாலும் சரி, பேரு எதுவா இருந்தாலும் சரி. பெங்களூரு வரைக்கும் என் முதுகு தாங்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். நானும் வந்து ஒருவாட்டி உக்காந்து பாத்துடறேங்க."

"நீ எதுக்கு அங்கெல்லாம்? ஆம்பளைங்க பாத்துக்குவோம். வண்டி டெலிவரி அன்னைக்கு வந்து உக்காரு, சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றார் பாய். ஊரையே படுக்க வைத்துப் பார்த்து மெத்தை விற்கிற மனுஷன்!

பைபாஸ் ரோட்டு ஷோரூமுக்கு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். வண்டி ஒன்றுதான், அதில் இரண்டு ரகம். ஒன்று கம்ஃபர்ட், ஒன்று ஸ்போர்ட். விலையும் முன்னே பின்னே ஒன்றுதான். அங்கே விற்கிற பெண், பூவிழி என்று பெயர், இருபத்தைந்து வயசு இருக்கும், பொறுமையாக விளக்கியது. கம்ஃபர்ட்டில் சீட் அகலம், முதுகுக்குத் தாங்கல், பின்சீட்டுக்குத் தனி ஏசி, டயர் தடிமன், பள்ளத்தில் விட்டாலும் உள்ளே தெரியாது. ஸ்போர்ட்டில் பெரிய அலாய் வீல், அதற்கு மேல் ஒல்லியாக ஒரு டயர், இறுக்கமான சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும் இடுப்பைப் பிடிக்கிற சீட், கறுப்புக் கூரை, பின்னால் ஒரு றெக்கை, சீட்டில் சிவப்பு நூல் தையல்.

சிவப்புத் தையலைப் பார்த்ததும் பாய் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. நிக்காஹ் அன்றுகூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

"யாருக்கு சார் வண்டி?" என்று கேட்டது அந்தப் பெண்.

"வூட்டுல அவங்களுக்குத்தான். முதுகுல ஆபரேஷன்."

"அப்படின்னா கம்ஃபர்ட்தான் சார். யோசிக்கவே வேணாம். ஸ்போர்ட்டுல கொஞ்சம் தூக்கிப் போடும். சின்னப் பசங்கதான் அதைக் கேட்டு எடுப்பாங்க."

சின்னப் பசங்க என்ற வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது. பாய் கம்ஃபர்ட் சீட்டை ஒரு தடவை கட்டை விரலால் அழுத்தினார். அமுங்கியது. உதட்டைப் பிதுக்கினார். ஸ்போர்ட் சீட்டை அழுத்தினார். அமுங்கவில்லை.

"ஏம்மா, எங்கிட்டயே மெத்தயப் பத்திச் சொல்றியா? முப்பது வருஷமா இதான் என் தொழிலு. முதுகு வலிக்கு கட்டியாதான் இருக்கணும். மெத்துனு இருந்தா எலும்பு வளஞ்சிரும்."

"சார், மெத்த ஓடாது சார். ஒரே எடத்துல கிடக்கும். இது ரோட்டுல ஓடுற வண்டி" என்றது பூவிழி. அந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்கு இருந்த அறிவில் கால்வாசி எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இல்லை.

பிறகு அது என் பக்கம் திரும்பியது. "டிரைவர் அண்ணா, நீங்களாவது சொல்லுங்க."

எனக்குத் தெரியாதா? இண்டூரிலிருந்து தருமபுரிக்குள் வருவதற்குள் எத்தனை வேகத்தடை, குழாய் போடத் தோண்டி மூடாத பள்ளம் எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒல்லி டயரோடு அதில் போனால் என்ன ஆகும் என்று நன்றாகவே தெரியும். ஆனால் வரும் வழியில் பாய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். வண்டி வந்ததும் தினம் கூலி வேண்டாம், மாசச் சம்பளத்துக்கே வந்துவிடு முருகேஷு என்று. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

டெஸ்ட் டிரைவ் எங்கே போனோம் என்று நினைக்கிறீர்கள்? பெங்களூர் நாலு வழிச் சாலையில். அந்தச் சாலையில் மாட்டு வண்டி கூட வழுக்கிக்கொண்டு போகும். பாய் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார்.

வண்டி டெலிவரி அன்று துணியை விலக்கினார்கள், கேக் வெட்டினார்கள், பாய் றெக்கையில் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஹாஜிரா அக்கா பின்கதவைத் திறந்து உட்காரப் பார்த்தார். சீட்டின் பக்கவாட்டு மேடு இடுப்பில் இடித்தது. ஒரு பக்கமாகச் சரிந்து, கையை ஊன்றி, எப்படியோ உள்ளே போனார். முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் "யா அல்லாஹ்" என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

மறுநாள் பாய் கடையிலிருந்து ஒரு ஃபோம் திண்டைக் கொண்டுவந்து சீட்டில் வைத்தார். அக்கா அதன் மேல் உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டியது. திண்டைப் பாதியாக அறுத்தார். வழுக்கியது. அதற்கு ரப்பர் பட்டை போட்டார். இப்படியே ஒரு வாரம் அந்த வண்டிக்கு வைத்தியம் நடந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மட்டும் வண்டி பளபளவென்று போய் பள்ளிவாசல் எதிரில் நின்றது. வெளியே வந்த இளவட்டங்கள் சுற்றி நின்று பார்க்கும்வரை பாய் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

அதற்குள் ஒரு நாள் விடிகாலையில் ஆஷிகாவின் மாப்பிள்ளை போன் செய்துவிட்டார். நாள் தள்ள முடியாதாம், அன்று சாயங்காலமே ஆபரேஷன். காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். பாய் முன்சீட்டில் கூலிங் கிளாஸோடு. அக்கா பின்னால், இரண்டு தலையணைகளுக்கு நடுவில், ஒரு கையால் கதவுப் பிடியையும் இன்னொரு கையால் முன்சீட்டையும் பிடித்துக்கொண்டு.

என்னால் முடிந்தவரை உருட்டினேன். ஆனால் அந்த வண்டி கல்லில் ஏறினால் கல் என்று சொல்கிறது, ஈர்க்குச்சியில் ஏறினால் ஈர்க்குச்சி என்று சொல்கிறது. தருமபுரிக்குப் பாதி வழி வருவதற்குள் பின்னாலிருந்து முனகல் வர ஆரம்பித்துவிட்டது. பாய் திரும்பியே பார்க்கவில்லை. "ஸ்போர்ட் மோடு போடேன் முருகேஷு, சீக்கிரம் போயிரலாம்" என்றார். அடேய் மனுஷா என்று வாய்வரைக்கும் வந்தது.

ஒரு பள்ளம். தவிர்க்க வழியில்லை, எதிரில் லாரி. டமால் என்று இறங்கி ஏறியது.

"நிறுத்து. வண்டிய நிறுத்து முருகேஷு."

நிறுத்தினேன். அக்கா இறங்கினார். நிமிர முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டுகிறது. பாய் இறங்கி வந்து முதலில் குனிந்து பார்த்தது டயரை. அலாய் வீலில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"பழகப் பழகச் சரியாயிரும் ஹாஜிரா. புது மெத்தயும் மொதல்ல பத்து நாளு வலிக்கத்தான் செய்யும்."

"அப்போ உங்க பேரப்புள்ளய பத்து நாளு கழிச்சுப் பொறக்கச் சொல்லட்டுமா?" என்றார் அக்கா. குரலே எழும்பவில்லை.

"பாய், நான் வேற டாக்சி பேசறேன். பெரிய வண்டியா, மெதுவாப் போற மாதிரி" என்றேன்.

"புது வண்டிய வச்சுக்கிட்டு டாக்சியா? ஊரு சிரிக்கும்டா." நடுரோட்டில், மனைவி வில்லாக வளைந்து நிற்கும்போது, அந்த மனுஷனுக்கு ஊர் சிரிப்பது ஞாபகத்துக்கு வருகிறது. ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது, இவருக்குத்தான் காது கேட்கவில்லை.

அக்கா அவரை விட்டுத் திரும்பிக்கொண்டார். போனை எடுத்துத் தருமபுரியில் இருக்கிற தங்கை அல்மாஸுக்குப் போட்டார். "ரயில்ல போயிடலாம்டி. படுத்துக்கிட்டாவது போயிடறேன். ஸ்டேஷனுக்கு வந்துரு" என்றார். பிறகு பின்சீட்டில் உட்காராமல், முழங்காலை மடித்துப் போட்டு, சீட்டைக் கட்டிப் பிடித்தபடி குப்புறக் கவிழ்ந்துகொண்டார். அப்படியே தருமபுரி ஸ்டேஷன் வரைக்கும் மிச்ச தூரம் வந்தார். பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்தவன் எல்லாம் திட்டிவிட்டுப் போனான். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் அல்மாஸ் காத்திருந்தது. இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தது. பாய் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"இங்க நிறுத்தினா ஆட்டோக்காரன் உரசிட்டுப் போயிருவான். நான் வண்டிகிட்ட இருக்கேன். நீ கூடப் போய் ஏத்திவிட்டுட்டு வா முருகேஷு" என்றார்.

நான் தலையணைகளைத் தூக்கிக்கொண்டேன். அல்மாஸ் ஒரு பக்கம் தாங்கியது. பிளாட்பாரத்தைக் கடப்பதற்குள் நாலு இடத்தில் அக்கா நின்றார். ரயில் வந்ததும் அல்மாஸ் டி.டி.ஆரைப் பிடித்துக் கெஞ்சி, கீழ்ப் படுக்கை ஒன்றை வாங்கிவிட்டது. அக்காவைப் படுக்க வைத்தோம். தலைக்கு ஒன்று, முழங்காலுக்கு அடியில் ஒன்று என்று தலையணை வைத்தேன். வெளுத்திருந்த முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் திரும்பியது.

"நல்லபடியாப் போய்ச் சேந்துருவீங்க அக்கா. சாயங்காலத்துக்குள்ள பாப்பாகிட்ட இருப்பீங்க" என்றேன். பிறகு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நிற்கவில்லை. "இந்த பாய்க்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? அந்தப் பொண்ணு அவ்வளவு சொல்லுச்சு, கம்ஃபர்ட் எடுங்கன்னு. கேட்டாரா?"

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு சொல்லுச்சா?"

"ஆமாங்க அக்கா. உங்களுக்குன்னதுமே சொல்லிருச்சு."

"நீயும் அங்கதான இருந்த?"

"இருந்தேங்க."

"நீ என்னா சொன்ன?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"அவருக்கு அந்த வண்டி மேல ஆச, முருகேஷு. கண்ண மறச்சிருச்சு. நீ ரோடு தெரிஞ்சவன். என் முதுகு தெரிஞ்சவன். உனக்கு என்னா மறச்சுது?"

ரயில் கிளம்ப இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. பதில் சொல்ல அது தாராளமாகப் போதும். நான் பெட்டியின் நடைவழியில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்துப் படுக்கைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.