கேன்டீன் மைக்கில் ஜோசஃபின்

ஜோசஃபினைப் பாண்டிச்சேரி உப்பளம் கல்லறையில் அடக்கம் செய்த அன்று, சேதராப்பட்டிலிருந்து கம்பெனி பஸ் தாமதமாகத்தான் வந்தது. ஃபாதர் ஜெபத்தைத் தொடங்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க ப்ரோகிராம் என்னிக்கு நேரத்துக்கு ஆரம்பிச்சுது?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

அவள் அந்தக் கம்பெனியின் ரிசப்ஷனில் இருந்தவள். கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிற தொழிற்சாலை, இரண்டு ஷெட்டுகள், முதலாளிகள் பிரான்சில். ஜோசஃபின் கான்வென்ட்டில் பிரெஞ்சு படித்தவள், பி.ஏ.வும் அதில்தான். அண்ணன் அலெக்சிஸ் குடும்பத்தோடு பாரீஸ் பக்கம் போய்விட்டார். ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து "நீயும் வந்துடு" என்பார். "அம்மா இருக்காங்களே" என்பாள். அம்மா போன பிறகும், வேறு பதில் தேட அலுத்தவள் போல, கொஞ்ச நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரெண்டாயிரத்து ஏழில்தான் கம்பெனிக்கு அந்தப் பழக்கம் வந்தது. வருஷத்துக்கு மூன்று நான்கு தரம் சேர்மன் அங்கிருந்து நேரலையில் பேசுவார். உலகத்தில் எங்கெல்லாம் தொழிற்சாலை இருக்கிறதோ அங்கெல்லாம் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சேதராப்பட்டில் கேன்டீன் சுவரில் வெள்ளைத் திரை கட்டினார்கள். காலை ஷிப்டு முடிந்தவர்களும் மதிய ஷிப்டுக்கு வந்தவர்களும் ஒன்றாக உட்காருகிற மாதிரி நேரம் வைத்தார்கள். சேர்மனுக்கு பிரெஞ்சு மட்டும்தான் வாயில் வரும். அதைத் தமிழில் சொல்ல ஜோசஃபினைக் கூப்பிட்டார்கள்.

நிகழ்ச்சி ஒரு நாளும் சொன்ன நேரத்தில் தொடங்கியதில்லை. திரையில் கம்பெனி முத்திரை மட்டும் நிற்கும். அப்புறம் ஒரு வட்டம் சுற்றும். கம்ப்யூட்டர் பிரிவு பிரேம்குமார் ஒயரைப் பிடுங்குவான், சொருகுவான். "பஃபர் ஆவுது மேடம்" என்பான். படம் வந்தால் சத்தம் வராது, சத்தம் வந்தால் படம் நின்றுவிடும். முதல் தடவை சேர்மனின் பிரெஞ்சும் ஜோசஃபினின் தமிழும் ஒரே ஸ்பீக்கரில் வந்து எதிரொலித்து, எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பிரெஞ்சு ஜோசஃபினின் ஹெட்போனுக்கு மட்டும். கேன்டீனுக்கு அவள் குரல் மட்டும் என்று ஏற்பாடு செய்தான் பிரேம்குமார்.

அந்த ஏற்பாட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இரண்டாவது நேரலையில் ஹெட்போன் செத்துப்போனது. அவள் நிறுத்தினாள். கேன்டீனில் விசில் பறந்தது, தட்டைத் தட்டினார்கள். மனிதவள மேலாளர் சக்கரபாணி ஓரமாக வந்து, "ஜோசஃபின், எதையாவது பேசுங்க. மைக்கை மட்டும் சும்மா விடாதீங்க" என்றார். திரையில் சேர்மன் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார்.

"பாண்டிச்சேரியில வெயில் எப்படின்னு கேக்கறாரு" என்றாள் ஜோசஃபின்.

"வந்து நின்னு பாக்கச் சொல்லு, தெரியும்!" என்று மிக்ஸிங் பிரிவு ராஜாங்கம் கத்தினார். கேன்டீன் முழுக்கச் சிரிப்பு.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சத்தம் போகும் இடங்களில் சேர்மன் கேன்டீன் சாம்பாரைப் பற்றி விசாரித்தார், வீராம்பட்டினம் தேர் எப்போது என்று கேட்டார், பெண்களுக்குத் தனி ஓய்வறை இல்லையா என்று வருத்தப்பட்டார். அந்த ஓய்வறை பிற்பாடு வரவும் செய்தது. எது அவர் பேச்சு, எது அவள் பேச்சு என்று பிரேம்குமாருக்கு மட்டும் தெரியும். அவன் கம்ப்யூட்டரில் ஒலியின் பச்சைக் கோடு படுத்துக் கிடப்பதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வான். ஜோசஃபினுக்கு அதில் குற்றம் எதுவும் தெரியவில்லை. காத்துக் கிடக்கிற ஜனங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை.

ரெண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில் கார் வியாபாரம் படுத்தது. இரண்டாவது ஷெட்டை மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அடுத்த நேரலையில் சேர்மன் அதைச் சொல்லிவிடுவார் என்றார்கள்.

நேரலை அன்று காலை பஸ்ஸில் ஹேமலதா ஜோசஃபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டாவது ஷெட்டில் பட்டை வெட்டுகிறவள், வீராம்பட்டினத்துக்காரி, புருஷன் படகுக்குப் போவதும் போகாததும் அவன் இஷ்டம்.

"அக்கா, நம்ம பாண்டி மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனில எடுத்துட்டாங்க. நாளைக்குக் காலைல போயி சேரணும். போவலன்னா வேற ஆள போட்டுடுவாங்க."

"சம்பளம்?"

"இத விட கம்மிதான். இங்க ஷெட்டு நிக்கும்னா நான் எதுக்கு அக்கா போறேன்? இன்னிக்கு அந்தாளு வாயில இன்னா வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கறேன்."

"வந்தா சொல்றேன்."

"நீ சொல்லலன்னா எனக்கு யாரு சொல்லப் போறா?" என்று சிரித்தாள் ஹேமலதா.

அன்றைக்கு வட்டம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சுற்றியது. வெளியே காலை ஷிப்டு பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சேர்மன் வந்தார். கஷ்டமான வருஷம் என்றார். சில இடங்களில் கடினமான முடிவுகள் என்றார். ஜோசஃபின் அப்படியே சொன்னாள்.

"பாண்டிச்சேரியைப் பொறுத்தவரை..." என்றார் சேர்மன்.

"பாண்டிச்சேரியப் பொறுத்தவரைக்கும்..." என்றாள் ஜோசஃபின்.

ஹெட்போன் செத்தது.

அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன. மூன்றாவது வரிசையில் ஹேமலதா முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். சக்கரபாணி வழக்கம்போலக் கையைச் சுழற்றினார், பேசுங்கள் என்று. பழகிய வாய், அது அவளைக் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை.

"ரெண்டு ஷெட்டும் ஓடும்ங்கறாரு. யாரும் பயப்பட வேணாங்கறாரு."

கைத்தட்டல் தகரக் கூரையில் மோதியது. ராஜாங்கம் துண்டை எடுத்துச் சுழற்றினார். "மெர்சி, மெர்சி!" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லித் திரையைப் பார்த்துக் கும்பிட்டார் ஒருவர். ஹெட்போனுக்கு உயிர் வந்தபோது சேர்மனின் பேச்சு பிரேசில் தொழிற்சாலைக்குப் போய்விட்டிருந்தது.

முடிந்ததும் பிரேம்குமார் ஒயரைச் சுற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "மேடம், அந்த எடத்துல கோடே எழும்பல" என்றான்.

"தெரியும்."

"வெயில் மாதிரி இல்லையே மேடம் இது."

அவள் எழுந்து ரிசப்ஷனுக்குப் போய் பிரான்சுக்குப் போன் செய்தாள். பதிவு நாளைக்குத்தான் கிடைக்கும், பேச்சின் நகல் யாரிடமும் இல்லை என்றாள் அங்கிருந்த பெண். ஜோசஃபின் சக்கரபாணியின் அறைக்கு ஓடி நடந்ததைச் சொன்னாள். மைக் வேண்டும் என்றாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒருவேள அதையேதான் சொல்லியிருப்பாரோ என்னவோ. நாளைக்கு ரெக்கார்டிங் வரட்டும். இன்னிக்கு ஒரு நாள் நிம்மதியா தூங்கட்டுமே."

"ஹேமலதா நாளைக்குக் காலைல வேற எடத்துல சேரணும் சார்."

"அது அந்தப் பொண்ணு பாடு."

வெளியே பஸ் என்ஜின் உறுமியது. ஜோசஃபின் வெளியே ஓடினாள். செருப்பு கழன்றதைக்கூட கவனிக்காமல் முற்றத்தைக் கடந்து, நகர்ந்த பஸ்ஸைத் தட்டி நிறுத்தி, படியில் ஏறினாள். உள்ளே பாட்டுப் போட்டிருந்தார்கள். நிறுத்தச் சொன்னாள்.

"நான் சொன்னது அவரு சொன்னது இல்ல. பாண்டிச்சேரின்னு சொன்னதுமே சத்தம் நின்னுப்போச்சு. ஷெட்டு ஓடும்னு சொன்னது நானா சொன்னது."

"அப்ப வெயில் கேட்டது?" என்றார் ராஜாங்கம்.

"அதுவும் நான்தான்."

"சாம்பாரு?"

"நான்தான் அண்ணே."

"அட பாவி! அந்தாளு நல்லவன்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேனே!"

யாரும் சிரிக்கவில்லை. ஹேமலதா ஜன்னலோரம் போனைக் காதில் வைத்திருந்தாள். "வரலன்னு சொல்லத்தான் அடிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றாள். "ரிங் போவுது."

"கட் பண்ணு."

அவள் பொத்தானை அழுத்தினாள். "அப்ப இன்னாதான் சொன்னாரு?"

"தெரியல."

"நான் போவட்டுமா, இருக்கட்டுமா? அதயாவது சொல்லு."

எப்போதும் ஏதாவது சொல்ல இருந்தவள் ஜோசஃபின். படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியல ஹேமா."

ஹேமலதா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். டிரைவர், "எறங்குங்கம்மா, ஏற்கனவே லேட்டு" என்றார். இறங்கினாள். பிறகு இரண்டாவது ஷெட்டுக்குள் போய், மெஷின் ஓரமாக நின்றவர்களிடமும் ஒவ்வொருவராக அதையே சொன்னாள்.

மறுநாள் பதிவு வந்தது. ஜோசஃபினும் சக்கரபாணியும் பிரேம்குமாரும் சேர்ந்து கேட்டார்கள். சேர்மன் சொன்னது இவ்வளவுதான்: பாண்டிச்சேரியைப் பொறுத்தவரை இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை, அடுத்த முறை பேசுவோம்.

பஸ்ஸில் ஹேமலதாவின் இடம் காலியாக இருந்தது. மேட்டுப்பாளையத்தில் சேர்ந்துவிட்டாள்.

இரண்டாவது ஷெட்டை மூடவில்லை. அந்த வருஷமே ஆர்டர் திரும்ப வந்து, இரவு ஷிப்டுகூடப் போட்டார்கள். "அந்தப் பொய்ய அப்படியே விட்டிருந்தா அந்தப் பொண்ணு இங்கயே நல்லா இருந்திருக்கும்" என்று சக்கரபாணி ஒரு தடவை சொன்னார். அவர் சொன்னது கணக்குப்படி சரி. ஜோசஃபின் வந்த போனை எடுத்து, "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள்.

அடுத்த நேரலைக்கு வேறு ஆளைப் போடலாமா என்று பார்த்தார்கள். பிரெஞ்சு தெரிந்த வேறு ஆள் இல்லை. அன்றும் தாமதம். அன்றும் நடுவில் ஹெட்போன் செத்தது. ஜோசஃபின் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"சத்தம் வரல. வந்ததும் சொல்றேன்."

விசில் இல்லை. தட்டைத் தட்டவும் இல்லை. வட்டம் சுற்றுவதை எல்லோரும் அவளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகு நேரம் கழித்து ராஜாங்கம்தான், "சும்மா வெயிலப் பத்தியாவது கேளேன்மா" என்றார்.

"இது நான் கேக்கறது" என்றாள் ஜோசஃபின். "வெயில் எப்படி அண்ணே?"

ஹேமலதா ரொம்ப நாள் பேசவில்லை. அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், பெரிய மார்க்கெட் மீன் கடையில் இருவரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. ஜோசஃபின் கையில் பையோடு ஒதுங்கப் பார்த்தாள். ஹேமலதா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"இப்பயாவது சத்தம் ஒழுங்கா வருதா அக்கா?"

"வரல."

"வரலன்னா?"

"வரலன்னு சொல்லிடறேன்."

ஹேமலதா மீனைக் கீழே வைத்தாள். "இத வாங்காத. நேத்து மீனு" என்று சொல்லி, அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தாள்.