அவள் முகத்துக்கு ஒரு பிலிம்

எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் ஸ்லைட் பிலிம் கிடக்கும். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் விடுமுறையில் திருகோணமலைக்கு வரும்போது நாலைந்து சுருள் கொண்டுவருவார். எடுத்து முடிந்தவற்றை வெளிநாட்டில் கழுவுவிக்கக் கொண்டுபோவார். படம் எப்படி வந்தது என்று தெரிய மாதங்கள் ஆகும். கைபேசிக் காலத்தில் இது பைத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

துறைமுகத்தின் காலை நீலத்துக்கும் ஈச்சிலம்பற்று வயலுக்கும் நிறத்தை அள்ளிக் கொட்டும் சுருள் போடுவேன். கோயிலுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எடுக்க வேகமான சுருள். முகங்களுக்கு நிறம் அடக்கமான சுருள். எதைப் போட்டாலும் ஸ்லைட்டில் பிறகு திருத்த வழியில்லை. கழுவி வருவதுதான் படம்.

அதைச் சொல்லித்தான் என் மனைவியைச் சம்மதிக்க வைத்தேன். அவள் நல்ல கறுப்பு. எங்கள் கல்யாணப் படங்களில் ஸ்டூடியோக்காரர் அவளை வெளுக்க வைத்துவிட்டார். "அது ஆரோ ஒருத்தி" என்பாள். அதற்குப் பிறகு கமரா முன்னால் நின்றதேயில்லை. "இதிலை ஒருத்தரும் கை வைக்க ஏலாது. நீர் இருக்கிற மாதிரியே வருவீர்" என்று வீரம் பேசினேன்.

முதல் தடவை கடற்கரையில், கமராவில் கிடந்த கடல் சுருளிலேயே எடுத்தேன். படத்தில் கடல் மனத்தை அள்ளியது. அவள் முகம் அவித்த இறாலாய்ச் சிவந்திருந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாம் தடவை அடக்கமான சுருள், கொல்லை நிழல், காலை வெளிச்சம். பிழை வர வழியில்லை என்றிருந்தேன். மச்சான் கொண்டுவந்த ஸ்லைட்டில் அவள் முகம் மாப் பூசியது போல வெளுத்திருந்தது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"ஸ்டூடியோக்காரன்தான் அப்பிடிச் செய்தான் எண்டால், நீங்களுமோ?"

கல்யாணமாக முந்தி நானும் ஒரு படக்காரரிடம் வேலை பழகியவன். கறுத்த முகமென்றால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டு என்பது அங்கே முதல் பாடம். என்னைக் கேளாமலே என் விரல் லென்ஸ் வளையத்தைத் திருப்பியிருக்கிறது. பிலிமைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தவன், என் கையைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"கடைசித் தடவை" என்றாள்.

அதே அடக்கமான சுருள்தான். அவள் குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தருகே வெளிச்சத்தை அளந்தேன். அளவு சொன்ன இடத்தில் வளையத்தை வைத்துவிட்டு விரலை எடுத்துவிட்டேன். ஒரேயொரு படம்.

போன மாதம் அது வந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூக்கின் ஓரத்து வியர்வை, கன்னத்தின் மினுக்கம், அந்தக் கறுப்பு. சந்தோசத்தில் அப்படியே கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன்.

அவளும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"இப்பிடியோ நீங்கள் என்னைப் பாக்கிறனீங்கள்?"

"ஓம்."

ஸ்லைட்டை அவள் திருப்பித் தரவில்லை. கையில் பிடித்தபடியே குசினிக்குப் போய்விட்டாள்.