ஒத்தை பெல்

எங்கள் லைன் வீடுகளில் சுவர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்றாவது வீட்டில் தும்மல் கேட்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்பராஜ் அண்ணன் வீட்டிலிருந்து டம்ளர் தட்டும் சத்தம் வந்ததும் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும், அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார் என்று.

வண்டி என்றால் டிவியில் ஓடுகிற வண்டி. 'ரிங்வே' என்று ஒரு கார் ரேஸ் கேம். பட்டனை அமுக்கிப் பறக்கும் விளையாட்டுச் சாமான் இல்லை. டயர் சூடாகும், தேயும், பெட்ரோல் தீரும். வளைவில் தப்பான கியரில் போனால் கொண்டுபோய்ச் சுவரில் சொருகும். பெங்களூரில் யாரோ வேண்டாம் என்று கொடுத்த பழைய செட், ஸ்டீயரிங்கும் பெடலும் சேர்த்து. அந்த ஸ்டீயரிங்கைத் தன் மனைவி ஈவ்லின் அக்காவின் தையல் மெஷின் பலகையில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டார் அண்ணன். அன்றிலிருந்து மெஷின் ஒரு ஜாக்கெட் தைத்ததில்லை. அக்கா அதைச் சொல்லிக் காட்டாத வாரமும் இல்லை.

நான் ஃப்ரெடி, அடுத்த வீடு. ஊரிகம் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், பொழுது சாய்ந்து திரும்பி வருகிற கூட்டத்தில் ஒருவன். எனக்கு நிஜக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கேமில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பை இன்பராஜ் அண்ணன் அடிக்கடி கெடுப்பார், அதுவும் பாதிக் கண்ணோடு.

அண்ணன் முதலில் மைன்ஸில், எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், இருந்தார். அவருடைய வேலை பெல். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றில், பூமிக்கு அடியில் ஒரு லெவலில் நின்றுகொண்டு, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் எப்போது கிளம்பலாம், எப்போது நிற்கணும் என்று மேலே இஞ்சின் ஓட்டுகிறவருக்கு பெல் அடித்துச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. பெல்தான் அவருக்குக் கண். மற்ற பெல்லுக்கெல்லாம் ஆளுக்கு ஆள் சந்தேகம் வரலாம். ஒத்தை பெல்லுக்கு வரக்கூடாது. ஓடுகிற கேஜ் அப்படியே நிற்கணும். பக்கத்தில் நிற்கிற ஆளும் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நிற்கணும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இதற்குச் சாட்சி எங்கள் சிரில் அண்ணன். ஒருநாள் ஷிப்ட் முடிந்த அவசரத்தில், கிளம்பிவிட்ட கேஜில் தாவப் பார்த்தார். உடம்பு உள்ளே, வலது கால் வெளியே. இன்பராஜ் அண்ணன் ஒத்தை பெல் அடித்தார், கேஜ் நின்றது. சிரில் அண்ணனுக்கு இரண்டு கால்விரல் போயிற்று, ஆள் மிஞ்சினார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை லேசாக விந்திக்கொண்டு வந்து, கேம் விளையாடுவதாகச் சொல்லிக்கொண்டு பிஸ்கெட்டைத் தீர்த்துவிட்டுப் போவார்.

மைன்ஸ் மூடியதும் இன்பராஜ் அண்ணன் பெங்களூரில் வேன் ஓட்டப் போனார். அதுவரை இருட்டில் நின்றே பழகிய மனிதருக்கு ரோடு என்றால் அப்படி ஓர் ஆசை. வாரம் முழுக்க ஓட்டியது போதாதென்று, லீவு நாளில் சிரில் அண்ணனின் மச்சான் வைத்திருந்த பழைய காரைக் கேட்டு வாங்கி, அக்காவை ஏற்றிக்கொண்டு பூதிகோட்டைக்குப் போவார். பூதிகோட்டையில் என்ன வேலை என்றால் ஒரு வேலையும் இல்லை. தக்காளி வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். வழியெல்லாம் புளியமரம், இரண்டு பக்கமும் ராகி வயல், ஜன்னலில் அக்காவின் முந்தானை. அந்த ரோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அண்ணன் குரலே இறங்கிவிடும்.

பிறகு கண்ணில் பிரஷர் என்றார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். ஓரப் பார்வைதான் முதலில் போயிற்று. ஒருநாள் பக்கத்தில் வந்த ஸ்கூட்டர் தெரியாமல் வேனைத் திருப்பிவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் அண்ணன் அங்கேயே ஓரங்கட்டி, முதலாளிக்கு போன் போட்டு வரச்சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலேறி வந்துவிட்டார். அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட்டது இந்தத் தையல் மெஷினில்தான்.

"எப்டிண்ணா தெரியுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஷாஃப்ட் உள்ள நின்னு மேல பாத்தா, வாய் மட்டும் வட்டமா தெரியும் பாரு. அப்டி கீது. அந்த வட்டம் சின்னதாயிக்கினே போவுது."

அந்த வட்டத்துக்குள் ஸ்பீடு மீட்டர் வந்தால் ரோடு வராது. ரோடு வந்தால் வளைவு வராது. அதனால் அக்கா பின்னால் உட்கார்ந்து, லெஃப்ட், ரைட் என்று சொல்ல ஆரம்பித்தார். அக்காவுக்கோ பிறவியிலிருந்தே இடது வலது வராது. கல்யாணத்தில் மோதிரத்துக்கு எந்தக் கையை நீட்டுவது என்று தடுமாறியவர். ரைட் என்று கத்தி எத்தனை தடவை அண்ணனைத் திரையிலிருந்த கடலில் இறக்கினார் என்பதற்குக் கணக்கில்லை.

கடைசியில் அண்ணனுக்கே பெல் ஞாபகம் வந்தது. அவருடைய இடது காதுக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் டம்ளர், வலது காதுக்குப் பின்னால் ஒரு தட்டு. ரோடு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கத்துச் சாமானை அக்கா கரண்டியால் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே இருக்கணும். தட்டுகிற வரைக்கும் அண்ணன் திருப்புவார். எதிரே ஆபத்து என்றால் எதிலாவது ஒரே தட்டு. ஒத்தை பெல், பிரேக்.

பிடித்துக்கொண்டது பாருங்கள். டம்ளர் டிங் டிங், தட்டு டங் டங் என்று அக்கா தட்டத் தட்ட, அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே மலைப்பாதை இறங்குவார். திரையில் ஏதோ வெளிநாட்டுக் கடலோரம், பொன் வெயில், பைன் மரம். இங்கே ஜன்னலுக்கு வெளியே, தங்கம் எடுத்த பிறகு மைன்ஸ் கொட்டிப்போன சயனைடு மண்மேடு, காற்றில் கொஞ்சம் வெள்ளைத் தூசி. அவர் முகத்தைப் பார்த்தால் இரண்டு இடத்திலும் அவர் இல்லை என்று தெரியும்.

"கண்ணத் தொறந்தா அரகொறையா தெரியுதுபா. மூடினா முழுசா தெரியுது," என்பார்.

"இன்னா தெரியுதுண்ணா?"

"பூதிகோட்டை ரோடு."

ரிங்வே இரண்டாம் பாகம் வரப்போகிறது, அதில் என்ன வேணும் என்று விளையாடுகிறவர்களே சொல்லலாம் என்று கம்பெனி தன் வெப்சைட்டில் கேட்டது. உலகமே கேட்டுத் தீர்த்தது. இடித்தால் நிஜமாக நசுங்கணும், கண்ணாடியில் சேறு படணும், வலது பக்கம் ஸ்டீயரிங் வைத்த கார் வேணும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்தோம், டைப் அடிக்கிற வேலை எனக்கு.

நான் மழை கேட்டேன். இந்த ஊரில் பெய்யாத மழை அதிலாவது பெய்யட்டும். சிரில் அண்ணன் பஞ்சர் கேட்டார். இறங்கி ஜாக்கி போட்டு டயர் மாற்றாதவனெல்லாம் டிரைவரா என்பது அவர் கட்சி.

"அவ்ளோ நீளம் ரோடு போட்டு வெச்சிக்கிறாங்க, ஒரு ஆளு இல்ல, ஒரு மாடு இல்ல," என்றார் அக்கா. "கொய்யா விக்கிற பொம்பள ஒருத்திய ஒக்கார வெக்கச் சொல்லு, ஃப்ரெடி."

இன்பராஜ் அண்ணன் கடைசியாகத்தான் வாயைத் திறந்தார். "கண்ணு தெரியாதவன் தனியா ஓட்டணும். வளைவு வர்றத கேமே பெல் அடிச்சு சொல்லணும். அது மட்டும் எழுது."

அக்காவின் கையிலிருந்த கரண்டி மடிக்கு இறங்கியது. "நான் தட்றது போதலையா?"

"அதுக்கில்ல, ஈவ்லின். நீ சர்ச் பாட்டுக்குப் போயி எத்தினி நாளாவுது? ஞாயித்துக்கெழம ஆனா எம்பின்னாடி ஒக்காந்துக்கிற. இந்த வட்டமும் போயிடுச்சுன்னா ஆயுசு முழுக்க ஒக்காரணும். எனக்கு ஓட்டாம இருக்க முடியாது. ஒன்ன கட்டிப் போட்டும் ஓட்ட முடியாது. அதான்."

நான் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். எழுதும்போது எனக்கு என் மழை மேலேயே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடுத்த வருஷம், ரிங்வே இரண்டில் இருக்கப்போவது என்னென்ன என்று கம்பெனி ஒரு வீடியோ போட்டது. நடுவில் ஓர் ஓரமாக வந்தது அது. பார்வை இல்லாதவர்கள் ஓட்டுவதற்கு ஒலி வழிகாட்டி. ரயிலில் வைத்துப் பார்த்தவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். இதை எத்தனை ஆயிரம் பேர் கேட்டிருப்பார்களோ. ஆனால் அண்ணன் தன் பெல்தான் வருகிறது என்று நம்பினார், நானும் நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குள் வட்டம் கிட்டத்தட்ட மூடிவிட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும் மிச்சம்.

கேம் வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா டம்ளரையும் தட்டையும் பளபளவென்று தேய்த்து சமையலறை அலமாரியில் அடுக்கினார். பாட்டுப் பயிற்சிக்குப் போவதற்குப் புதுப்புடவையும் கட்டிக்கொண்டார். ஆனால் போகவில்லை. அடுப்படியில் இல்லாத வேலையெல்லாம் தேடிச் செய்துகொண்டிருந்தார்.

முதலில் எனக்கு மழை வந்தது. டிவி முழுக்க மழை. தார் ரோடு கறுத்துப் பளபளக்க, ஏரி மேல் புள்ளி புள்ளியாக விழ, வைப்பர் அசைய, நாங்கள் மூன்று பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் மூக்கை உறிஞ்சி மண் வாசனை பார்த்தார். எனக்கே ஒரு நிமிஷம் வந்ததுபோல் இருந்தது.

பிறகு அண்ணன் ஹெட்போனை மாட்டினார். அவருக்குக் கேட்பது எங்களுக்கு டிவியிலும் கேட்டது. கேமின் விதி சுலபம். எந்தக் காதில் மணி அடிக்கிறதோ அந்தப் பக்கம் வளைவு. ஒரு மணி என்றால் லேசான வளைவு, வேகத்தைக் குறைக்காமல் போகலாம். இரண்டென்றால் கொஞ்சம் பார்த்து. மூன்றென்றால் பிரேக். நான் படித்துச் சொன்னேன், அண்ணன் இரண்டு தடவை திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. நேர் ரோடு, நல்ல வேகம். இடது காதில் ஒரு மணி.

அண்ணன் பிரேக்கை மிதித்தார். கார் நடுரோட்டில் கல்லாக நின்றது. பின்னால் வந்த மூன்று கார்கள் வரிசையாக வந்து மோதின. நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். மறுபடி கிளப்பினார். ஒரு மணி, மறுபடி பிரேக். "ஒண்ணுன்னா போவணும், ஒண்ணுன்னா போவணும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். மணி அடித்தது, வாய் போவணும் என்றது, கால் பிரேக்கில் இருந்தது. கேமின் செட்டிங்ஸ் முழுக்கத் துழாவினேன். மணியின் சத்தத்தை ஏற்றலாம், இறக்கலாம், குரலை மாற்றலாம். எண்ணிக்கையை மாற்ற வழியில்லை.

பொழுது சாயும்வரை ஓட்டிப் பார்த்தார். ஒரு சுற்றுகூட முடியவில்லை. எனக்குச் சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

"கால் கேக்கலபா," என்றார் அண்ணன். ஹெட்போனைக் கழற்றி மெஷின் மேல் வைத்தார். "ஒத்தை பெல் அடிச்சப்புறம் எப்டி போறது? யார் காலாவது வெளிய இருந்தா?"

சிரில் அண்ணன் தன் காலைப் பார்த்துக்கொண்டார். பிஸ்கெட் அவர் கையிலேயே இருந்தது. "நிக்கிறதுதான் சரி, இன்பா," என்றார். "நீ நில்லு."

"நின்னா எங்கடா போறது? இதுக்காவத்தான ஒரு வருஷமா காத்துக்கினு இருந்தேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று பேசின அதே குரலில் சொன்னார். திரையில் நடுரோட்டில் நின்ற காரின் மேல் மழை பெய்துகொண்டே இருந்தது.

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. வந்து, என் கையில் அவரே சற்றுமுன் கொடுத்திருந்த காபியைப் பார்த்தார்.

"ஃப்ரெடி, அத சீக்கிரம் குடி."

"சூடா கீதுக்கா. இன்னா அவசரம்?"

"டம்ளர் வேணும்."

அப்போதுதான் பார்த்தேன், அந்த டம்ளர்தான். ஊதாமல் ஒரே மடக்கில் குடித்தேன், நாக்கு வெந்தது. சிரில் அண்ணன் யாரும் கேட்காமலே தட்டிலிருந்த பிஸ்கெட்டையெல்லாம் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு தட்டை நீட்டினார். அக்கா இரண்டையும் புதுப்புடவை முந்தானையிலேயே துடைத்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"பாட்டுக்குப் போலயா நீ?" என்றார் அண்ணன், திரும்பாமல்.

"அங்க என் சத்தம் யாருக்குத் தனியா கேக்குது? அந்த மணிய நிறுத்து, ஃப்ரெடி."

நிறுத்தினேன். மழை மட்டும் கேட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு முதல் கியரைப் போட்டார்.

"எங்க போலாம், ஈவ்லின்?"

"பூதிகோட்டைக்கே போங்க," என்றார் அக்கா, கரண்டியைக் கையில் எடுத்தபடி. "வூட்ல தக்காளி இல்ல."