போலீஸ் வேஷம்

2024 அக்டோபர் 6, ஞாயிறு, மாலை 4.10. மேகம் கூடியும் மழையில்லை, ஒரே புழுக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் சங்கம் நடத்தும் பிள்ளைகள் இல்லத்தில் கமிட்டி கூடியது. ஏழு பேருக்கு ஒரே மின்விசிறி. அதுவும் என் பக்கம் திரும்பவில்லை.

பேச்சு ஒரு பதினொரு வயதுப் பெண்பிள்ளையைப் பற்றி. ரயில் நிலையத்தில் கையேந்தியவளை இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள்தான் அழைத்து வந்தோம். மஞ்சள்காமாலையில் கிடந்தபோது, பிழைத்தால் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் போடுவதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம். விரதமும் தொடங்கிவிட்டாள். வேஷக்காரர்கள் வீடுவீடாகக் காணிக்கை வாங்கிக் கோயில் உண்டியலில் சேர்ப்பது வழக்கம். பிச்சையிலிருந்து மீட்ட பிள்ளையை மறுபடி கையேந்த விடுவதா என்று ஆறு பேர் மறுத்தார்கள்.

நான் கிறிஸ்தவன். நேர்ச்சையில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் தலைவர் வருஷந்தோறும் பிச்சைக்காரன் வேஷம் போடுகிறவர். போன வருஷம் என் வாசலுக்கும் வந்தார். பத்து ரூபாய் போட்டேன்.

“அண்ணாச்சி, நீங்க கந்தலைக் கட்டிட்டு ஏந்துனா காணிக்கை, அவ ஏந்துனா பிச்சையா?”

“சார்வாள், நான் வேஷம்லா போடுதேன். அவ நெசமாவே பிச்சை எடுத்த பிள்ளைலா.”

கதவோரம் நின்றவளிடம் என்ன வேஷம் என்று கேட்டேன்.

“போலீஸ், தாத்தா. ஸ்டேஷன்ல எங்களை விரட்டுவாங்கள்லா.”

தலைவரே சிரித்துவிட்டார். தீர்மானம் மட்டும் மாறவில்லை: சங்கத்தின் பேரில் போகக் கூடாது.

சங்கத்தின் பேர் யாருக்கு வேண்டும்? விடுமுறையில் பிள்ளைகளை உறுப்பினர் வீட்டுக்கு அனுப்ப எங்கள் விதியில் இடமுண்டு. எழுதிக் கொடுத்து அழைத்து வந்தேன். இல்லத்தைக் கவனிக்கும் அம்மாவும் துணைக்கு வந்தார். தொலைந்துவிடுவாளோ, வெயிலில் மயங்கிவிடுவாளோ என்று எனக்குத்தான் படபடப்பு. காக்கிச் சட்டையும் தொப்பியுமாக அவள் தட்டோடு முன்னால் நடந்தாள்.

முதல் வீடு தலைவர் வீடு. வேண்டுமென்றேதான் அங்கே கூட்டிப் போனேன். அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, அவளைக் கும்பிட்டு, தட்டில் நூறு ரூபாய் வைத்தார். அவள் குங்குமம் கொடுத்தாள். அவருக்குப் பின்னால் கந்தலும் கையில் விரதக் காப்புமாகத் தலைவர் வந்து நின்றார்.

“கூட்டத்துல பேசுவோம், சார்வாள்.”

“பேசுவோம், அண்ணாச்சி.”

அன்றைக்கு முப்பத்தெட்டு வீடு. ஒருவரும் அவளை விரட்டவில்லை. தசராவின் கடைசி நாளில் குலசேகரன்பட்டினம் போய், தட்டில் சேர்ந்ததை அவளே உண்டியலில் போட்டாள். நான் வெளியே நின்றேன். கமிட்டியிலிருந்து விலகச் சொன்னார்கள், விலகவில்லை. சங்கத்திடம் ஒரு காசும் கேட்கவில்லை. உடுப்பு, தொப்பி, மூன்று பேருக்கும் பஸ், இளநீர் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 1,874 ரூபாய்.