முட்டி வலியும் முற்றிய பக்தியும்

ஜெர்மனியில், நான் வசிக்கும் பிரேமன் நகரத்து டிராமில் போன மாதம் பச்சைச் சாயம் பூசிய தலையுடன் ஒரு இளம்பெண், என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, தன் இருக்கையைக் காட்டி "பிட்டே", தயவுசெய்து, என்றாள். எதையோ கீழே போட்டுவிட்டாள், எடுத்துத் தரச் சொல்கிறாள் என்று நினைத்து இருக்கைக்கு அடியில் குனிந்து தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. நிமிரவும் முடியவில்லை. அவளே என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தாள். இந்த ஐம்பத்து நான்கு வருடத்தில் எனக்காக ஒருவர் இடம் விட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்த ரோஷத்தில் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனேன்.

விடுமுறைக்குச் சொந்த ஊரான திருவண்ணாமலைக்குப் போன பிறகும் அந்த ரோஷம் அடங்கவில்லை. பள்ளித் தோழி மல்லிகாவை அழைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் கிரிவலம் கிளம்பினேன். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால், எங்கும் உட்காரக் கூடாது. முடித்துவிட்டால் எனக்கு வயதாகவில்லை. முடியாவிட்டால் பச்சைத் தலைக்காரி செய்தது சரி.

கல்லூரி நாட்களில் நாங்கள் மலை சுற்றியதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். வழியில் உள்ள எட்டு லிங்கங்களுக்கும் நடந்தபடியே ஒரு கும்பிடு, அவ்வளவுதான். கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட நின்றதில்லை.

இம்முறை எனக்குப் பக்தி பொங்கியது. அக்னி லிங்கத்தில் கண்ணை மூடி நின்றேன். எம லிங்கத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் பெயர் சொல்லி வேண்டினேன். நிருதி லிங்கம் வருவதற்குள் ஆட்கள் தீர்ந்துபோய், ஜெர்மனியில் மழை குறையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் கண் திறந்தால் மல்லிகா இன்னும் மூடியிருப்பாள். ஊரைவிட்டுப் போகாதவளின் பக்தி எங்கே, நான் எங்கே என்று கூச்சமாக இருந்தது.

நடுவில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கடைக்காரர் என் பேன்ட்டையும் வெள்ளைக் கிராப்பையும் பார்த்து, "மேடம், குட் காபி!" என்றார்.

"வேணாங்க" என்றேன்.

அவர் மல்லிகாவிடம் திரும்பி, "நல்லாத் தமிழ் பேசுறாங்களே! எந்த நாடுங்க?" என்றார்.

"இங்க, போளூர் ரோடு" என்றாள் மல்லிகா.

அடி அண்ணாமலை தாண்டி வாயு லிங்கத்தில் நான் கண் திறந்தபோது, அவள் தூணில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாடி, இம்மாம் நேரம் கும்புடுற?"

"கும்பிடலடி. முட்டி போயிடுச்சு."

"எப்பத்துல இருந்து?"

"எம லிங்கத்துல இருந்து! நீ சாமி கும்பிடுறியேனு சும்மா இருந்தேன்."

"நான் எங்கடி கும்பிட்டேன்? எனக்கு இடுப்பு!"

இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பூசாரி எட்டிப் பார்த்தார். சிரித்துச் சிரித்தே தரையில் உட்கார்ந்துவிட்டோம். எழுந்திருக்க அவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

நான் தோற்றுவிட்டேன். எனக்கு வயதாகிவிட்டது. இதை ஒத்துக்கொண்டதும் இத்தனை சந்தோஷம் வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆட்டோவில் ஏறும்போது, "மிச்சத்தை அடுத்த வருஷம் இங்கேருந்தே ஆரம்பிக்கலாம்டி" என்றாள் மல்லிகா.

பிரேமன் திரும்பிய பின் நேற்று டிராமில் யாரோ ஒருவர் எழுந்து "பிட்டே" என்றார். மறுக்காமல் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டேன். குபேர லிங்கமும் ஈசானிய லிங்கமும் அங்கே காத்திருக்கின்றன. பாதி வலத்தில் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.