அவசரமா என்று கேட்டார்கள்

பொன்னேரி போகும் பேருந்தில் இருந்தபோது செல்வி அழைத்தாள். "அம்மா பூட்டாங்கக்கா." நான் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று தோன்றவே இரண்டு நிறுத்தங்கள் ஆயின.

செல்வியின் அம்மாவை, எங்கள் கன்னியம்மாக்காவை, நம் ஊர் பசியாவரத்தில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். இரண்டு கைகளும் நீருக்கடியில் இருப்பதால் பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். கடித்தபடியே நம்மை வைவார். எப்படி என்று யாருக்கும் தெரியாது.

கன்னத்தின் உள்ளே புண் வந்தபோது, பறியின் விளிம்பு கிழித்தது என்றுதான் சொன்னோம். நானும். படித்தவள். ஆறாமல் போகவே சென்னைக்கு அழைத்துப்போனேன். சதை எடுத்துப் பார்க்க நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய வாரம் ஊரடங்கு.

மருத்துவமனையிலிருந்து என் போனுக்கு அழைத்தார்கள். வலி இருக்கிறதா? சாப்பிட முடிகிறதா? அவசரம் இல்லாதவர்களைப் பிறகு கூப்பிடுவார்களாம். அக்கா பக்கத்திலிருந்து கையை ஆட்டினார். "நல்லா துன்றேன்னு சொல்லு, காலேஜு. அங்க போனா கொரோனா புடிச்சிக்கும். பறி கடிச்ச புண்ணுக்கு இன்னா அவசரம்?"

அன்று காலை அவர் கஞ்சியை ஆறவைத்து, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் குடித்ததை நான் பார்த்திருந்தேன்.

"அவசரமில்லை" என்றேன்.

அடுத்த அழைப்பு வரவில்லை. மாதங்கள். வெளியே வந்தால் முகக்கவசம். வீக்கத்தை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் நாங்களே போனோம். மருத்துவர், "அப்பவே வந்திருந்தா" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. புற்று நாக்கு வரை பரவியிருந்தது. நாக்கில் பாதியை எடுத்தார்கள். தாடையில் கொஞ்சம்.

அதன்பிறகு அவர் பேச்சு செல்விக்கும் எனக்கும் மட்டுமே புரிந்தது. ஒருநாள் அந்த அழைப்பைச் சொல்லி அழுதேன். குழறலாகச் சொன்னார்: "பொய் சொன்னது நானு. நீ போனத்தான புடிச்ச? அழுவாத, மூக்கு ஒழுவுது. பார்க்க சகிக்கல."

சில வருடங்கள் கழித்து நோய் திரும்பியது. கடைசியாகப் போனபோது, மருத்துவர் கேட்டதற்கெல்லாம் அக்கா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் திருப்பிச் சொன்னேன். வலிக்குதாம். முழுங்க முடியலையாம். பயமா இருக்காம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அந்தக் குழறலைச் சொல் சொல்லாகப் பிரித்தறியும் காது. அப்படிப் பேச இனி யாருமில்லை.