மாப்பிள்ளையின் பிடிவாதம்

பதிப்பகத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதை வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. அதனாலேயே அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை. அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை. கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டார் அப்படிக் கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்ததும் விற்பனைப் பிரிவும் அப்படியே கூப்பிட்டது. பிறகு அச்சகத்துக்காரர், அட்டை வரைபவர், தேநீர் கொண்டுவருபவர் வரை அதுவே பெயராகிவிட்டது. தலை முழுக்க நரைத்த பிறகும் ஊருக்கெல்லாம் மாப்பிள்ளையாக இருப்பது ஒரு மாதிரியான பதவி. நாற்காலி உண்டு, அதிகாரம் கிடையாது.

மாமனார் பதிப்பகத்தைத் தொடங்கியது சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் பின்னறையில். முதல் புத்தகத்தின் அட்டையில் கிரீஸ் கறை படிந்திருந்ததையும் அதை வடிவமைப்பு என்று நினைத்து வாசகர்கள் பாராட்டியதையும் அவர் கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். பிற்பாடு மூன்று மாடிக் கட்டடம் வந்தது. கீழே கிடங்கும் விற்பனையும், நடுவில் அலுவலகம், மேலே குடும்பம். எந்தப் புத்தகத்தைப் போடுவது என்பது நடு மாடியில் முடிவாகவில்லை. மேல் மாடியில், சாப்பாட்டு மேசையில் முடிவானது. கைப்பிரதியைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குடும்பமே சண்டை போடும். எல்லோரும் சம்மதித்தால் புத்தகம். ஒருவர் முகம் சுளித்தாலும் இல்லை.

ஆனால் எல்லோரும் சம்மதிக்கிற விஷயம் எதுவும் உருப்படாது என்று மாமனாருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதனால் ஒரு சலுகை வைத்தார். வீட்டில் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு பிடிவாதம். மற்ற அத்தனை பேரும் வேண்டாம் என்ற புத்தகத்தை ஒருவர், ‘இது என் பிடிவாதம்’ என்று சொல்லிப் போட வைக்கலாம். காரணம் கேட்கக் கூடாது. நஷ்டம் வந்தால் குத்திக்காட்டக் கூடாது. முதல் விதி காப்பாற்றப்பட்டது. இரண்டாவதை எந்தக் குடும்பத்தால் காப்பாற்ற முடியும்?

பதிப்பகத்தின் பேர் சொல்லும் புத்தகங்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய பிடிவாதத்தில் வந்தவை. எல்லோரும் மனமொத்துப் போட்டவை கிடங்கில் மனமொத்து உட்கார்ந்திருந்தன.

மாப்பிள்ளைக்கும் அந்த உரிமை இருந்தது. “மாப்பிள்ளைக்கு இல்லாமலா” என்று மாமனார் முதல் வருஷமே சொல்லிவிட்டார். அவர் அதை ஒருமுறைகூட எடுத்ததில்லை. வருஷக் கடைசியில் மாமனார் கேட்பார்: “என்ன மாப்பிள்ளை, இந்த வருஷமும் நல்ல பிள்ளையாவே இருந்துட்டீங்களா?”

“அடுத்த வருஷம் பார்க்கலாம் மாமா.”

பார்த்தவர்கள் இதைப் பெருந்தன்மை என்றார்கள். அது பயம் என்று அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

அவருடைய வேலை பின்னட்டை எழுதுவது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல், உள்ளே ஏதோ இருக்கிறது என்று நம்ப வைக்கும் எட்டு வரி. அதில் அவர் கெட்டிக்காரர். அடுத்த அறையில் மனைவி பென்சிலோடு உட்கார்ந்திருப்பாள். மாமனாரின் ஒரே மகள். அவள் பென்சில் படாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போனதில்லை. எழுத்தாளர்கள் அவளுக்குப் பயந்து நல்ல தமிழ் எழுதினார்கள். அவர் பயந்து எட்டு வரியோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கட்டடத்தில் அவருக்கென்று இருந்த ஒரே சிநேகிதன் கடைசி மைத்துனன். மத்தியான வேளைகளில் அவர் அறைக்கு வந்து, கட்டிப் போட்டிருக்கும் புத்தகக் கட்டுகள்மேல் சாய்ந்துகொண்டு, வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரையும் போல நடித்துக் காட்டுவான். குழந்தைகளுக்குப் புத்தகம் போட வேண்டும் என்று ஆரம்பித்தவன் அவன்தான். பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம், கிழித்தாலும் கிழியாத தாள். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் தன் பிடிவாதத்தை அதற்குக் கொடுத்தான். புத்தகம் ஓடியது. மகிழ்ச்சியில் அவனுக்குக் கணக்கு மறந்துவிட்டது. அதே வருஷம், யாரிடமும் சொல்லாமல், இரண்டாவது புத்தகத்தையும் அச்சுக்கு அனுப்பிவிட்டான்.

மாமனார் அதற்குச் சில மாதம் முன்புதான் காலமாகியிருந்தார். நாற்காலி மூத்த மைத்துனருக்கு வந்திருந்தது. புது நாற்காலிக்காரர்களுக்கு விதி என்றால் உயிர். மேசையில், எல்லோர் முன்னாலும், தம்பியிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “சாப்பிட்டு முடிச்சிட்டுக் கிளம்பு.” அவன் முடிக்காமலே கிளம்பினான். அந்த இரண்டாவது புத்தகம் இன்றுவரை பதிப்பகத்துக்குச் சோறு போடுகிறது. அவனைப் பற்றி மட்டும் மேல் மாடியில் யாரும் வாய் திறப்பதில்லை.

இப்போது பதிப்பகத்தை வாங்க ஒரு பெரிய நிறுவனம் வந்திருந்தது. மூத்தவருக்கு முதுகுவலி. பிள்ளைகளோ வேறு வேறு ஊர்களில், புத்தகத்துக்குச் சம்பந்தமில்லாத வேலைகளில். விற்பதைத் தவிர வழியில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கைமாறுவதற்கு முன் பதிப்பகத்தின் வரலாற்றை ஒரு புத்தகமாகப் போட்டு வாங்குபவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று மூத்தவர் ஆசைப்பட்டார்.

“நீங்கதான் எழுதணும் மாப்பிள்ளை. உங்க கையில எழுத்து இருக்கு. அப்புறம், அங்க உங்களுக்கு ஆலோசகர்னு ஒரு இடம் பேசி வெச்சிருக்கேன். வீட்ல சும்மா உக்காந்தா தங்கச்சி உங்களை ஒரு வழி பண்ணிடுவா.”

அது உண்மைதான். வேலையில்லாமல் வீட்டில் உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எட்டு வரிக்கு மேல் எழுதிப் பழகாதவர், எழுத உட்கார்ந்ததும் நிறுத்த முடியாமல் போனார். சைக்கிள் கடை, கிரீஸ் கறை, மேசைச் சண்டைகள் எல்லாம் வந்தன. ஏழாவது அத்தியாயத்தில் இளையவனும் வந்து உட்கார்ந்துகொண்டான். அவன் கிளம்பிய மத்தியானத்தை, அந்த ஒரு வாக்கியத்தோடு, நடந்தபடியே எழுதினார். 

மூத்தவர் இரண்டே நாளில் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“ரொம்ப அருமை மாப்பிள்ளை. அப்பாவைப் பத்திப் படிச்சப்போ கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்த ஏழாவது அத்தியாயத்த மட்டும் எடுத்துடுங்க.”

“அதுல ஏதாவது தப்பு...”

“தப்பே இல்ல. அதான் எடுக்கச் சொல்றேன்.”

“குழந்தைப் புத்தகம் யாரு ஆரம்பிச்சதுன்னு போடணுமே மச்சான்.”

“பதிப்பகம் ஆரம்பிச்சுதுன்னு போடுங்க.”

“பதிப்பகம்னா யாரு?”

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தனை வருஷமா பின்னட்டை எழுதறீங்க. எதுலயாவது உள்ள இருக்கறத சொல்லியிருக்கீங்களா? இதுல மட்டும் என்ன புதுசா?”

மாப்பிள்ளை வழக்கம்போல் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். தலையாட்டுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி, தானாக நடக்கும். ஆனால் அறைக்குத் திரும்பி அந்தப் பக்கங்களை எடுத்துத் தனியே வைக்கப் போனபோது கை வரவில்லை. விற்பனை முடிந்துவிட்டால் இந்த வரலாறுதான் வரலாறு. அதில் இல்லாதவன் எப்போதுமே இல்லாதவன். அவனை அப்படி ஆக்கத் தானே பேனா பிடிக்க வேண்டுமா?

அந்த வாரம் மேசையில் கடைசிப் புத்தகப் பட்டியல் பேச்சு. மூத்தவர், அவர் மனைவி, தங்கை, மாப்பிள்ளை. கைமாறும் முன் அச்சுக்குப் போனதையெல்லாம் புது நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் என்பது ஒப்பந்தம்.

“அப்போ வரலாறு, ஏழாவது இல்லாம. எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்றார் மூத்தவர், பதிலை எதிர்பார்க்காத குரலில்.

“இது என் பிடிவாதம்” என்றார் மாப்பிள்ளை.

மூத்தவர் சிரித்தார். மாப்பிள்ளை எப்போதாவது ஜோக் அடிப்பதுண்டு. இது நல்ல ஜோக்காகத்தான் பட்டது. “எது?”

“நான் எழுதினது. அப்படியே. ஏழாவதோட.”

“இது என்ன புத்தகமா? கம்பெனி விவகாரம்.”

“அட்டை இருக்கு, உள்ள பக்கம் இருக்கு மச்சான். மாமா இருந்திருந்தா இத வேற என்னன்னு சொல்லியிருப்பார்?”

சிரிப்பு மூத்தவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “அப்பா உங்களுக்கு அத மரியாதைக்குக் குடுத்தார் மாப்பிள்ளை. உபயோகப்படுத்தறதுக்கா குடுத்தார்?”

“சாப்பாடு ஆறுது” என்றாள் மூத்தவரின் மனைவி, பொதுவாக.

“ஏன் இப்போ? இத்தனை வருஷம் இல்லாம?”

“காரணம் கேக்கக் கூடாது அண்ணா” என்றாள் தங்கை. தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் உதட்டோரம் துடித்தது.

மூத்தவர் எழுந்து கை கழுவப் போனார். போகிற வழியில் திரும்பி, “அந்த ஆலோசகர் வேலைக்கு என் பேரைச் சொல்லித்தான் கேட்டிருக்கேன். ஞாபகம் இருக்கட்டும்” என்றார்.

அன்று மாலை வீட்டில் மனைவி தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வழக்கமாக மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை யாராவது சொல்லிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால், யாரைச் சொல்கிறாள் என்று அவருக்கு ஒரு நொடி ஆயிற்று.

“இத்தனை வருஷமா தூங்கிக்கிட்டா இருந்தீங்க?”

“தூங்கல. பயந்துக்கிட்டிருந்தேன்.”

“இப்போ?”

“இப்பவும்தான்.”

அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. பாதித் தேநீர் ஆறிப்போகும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு இளையவன் கடைக்குப் போனார். கல்லூரி வாசலுக்கு எதிரே நகலெடுக்கும் கடை. இரண்டு இயந்திரம், ஒரு பைண்டிங் மேசை, சுவரெல்லாம் கோப்புகளும் பேனாக்களும். பேனா வாங்கும் சாக்கில் அவர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. வீட்டில் சேர்ந்துபோன பேனாக்களைப் பார்த்து மனைவிக்கு எல்லாம் தெரியும். அவளும் பேசுவதில்லை.

இளையவன் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டு, நின்றபடியே படித்தான். இடையில் இரண்டு மாணவிகளுக்கு நகல் எடுத்துக் கொடுத்தான். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை.

“நல்லா எழுதியிருக்கீங்க மாமா. அண்ணன் குரல் அப்படியே கேக்குது.” தாள்களைத் தட்டி நேராக்கினான். “போடாதீங்க.”

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. “உனக்காக மேசையில பிடிவாதம் எடுத்துட்டேன்டா. நான்.”

“நீங்களா?” அவன் ஒருகணம் பழைய ஆளாகிவிட்டான். “அய்யோ, அத பார்க்க நான் இல்லாம போயிட்டேனே. அண்ணன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “என் பொண்ணுகிட்ட நானா உதறிட்டு வந்தேன்னுதான் சொல்லியிருக்கேன் மாமா. அண்ணன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினான், நான் கேக்கலன்னு. கொஞ்சம் கூட்டியே சொல்லிட்டேன். அவ சின்ன வயசுலேர்ந்து தூங்கறதுக்கு அந்தக் கதையத்தான் கேப்பா.”

“வளர்ந்துட்டாளே. சொன்னா புரிஞ்சுப்பா.”

“போன மாசம் வேலைய விட்டுட்டு வந்து நின்னா. மேலதிகாரி மரியாதையில்லாம பேசினானாம். எப்படிம்மா தைரியம் வந்துச்சுன்னேன். ‘நீ பண்ணலையாப்பா’ன்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்? என்னைத் தட்டு முன்னாடியிலேர்ந்து எழுப்பி விட்டாங்கன்னா?”

இயந்திரம் ஒன்று சூடான தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. அந்த வாசனையில் மாப்பிள்ளைக்குத் தலை சுற்றுவது போலிருந்தது. குழந்தைப் புத்தகத்தைத் தொடங்கியது அவன்தான் என்று மட்டுமாவது போடுகிறேன் என்றார்.

“போடுங்க. ஆனா அப்புறம் ஏன் போனான்னு கேப்பாங்க. அதுக்கு நானே ஒரு வரி சொல்றேன், எழுதிக்குங்க. ‘குடும்பத்தார் எவ்வளவோ தடுத்தும், சொந்த விருப்பத்தின் பேரில் விலகித் தனித்தொழில் தொடங்கினார்.’ எவ்வளவோ தடுத்தும். அது முக்கியம்.”

மறுக்கலாம். உரிமை அவருடையது. காரணம் கேட்க யாருக்கும் அதிகாரமில்லை, இவனுக்குக்கூட. ஊரே வேண்டாம் என்றாலும் நிற்பதற்குத்தான் பிடிவாதம். ஆனால் யாருக்காக நிற்கிறோமோ அவனே வேண்டாம் என்று கும்பிடும்போது எப்படி நிற்பது என்று மாமனார் சொல்லிவைக்கவில்லை. இத்தனை வருஷம் தாமதமாகக் கற்றுக்கொண்ட வித்தையில் இந்தப் பாடம் அவருக்கு இன்னும் வந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தை முழுக்க அடித்துவிட்டு, அவன் சொன்ன வரியை எழுதினார்.

“கோவமா மாமா?”

“இல்லடா.”

“கோவப்படுங்க. ஒருதடவ ஆரம்பிச்சுட்டீங்க, விட்டுடாதீங்க” என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டான்.

மூத்தவர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

“எவ்வளவோ தடுத்தும்னு இருக்கு.”

“ஆமா.”

“யாரு தடுத்தா?”

“நீங்கதான் மச்சான்.”

“இது நீங்க எழுதினதா?”

“தம்பி சொன்னது.”

மூத்தவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். தான் கேட்டதைவிட நல்லதாகவே கிடைத்துவிட்டது. அதை அவரால் கையில் வாங்கத்தான் முடியவில்லை. தாளை மேசைமேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “வேற ஒண்ணும் சொல்லலையா? என்னைப் பத்தி?”

“இல்ல.”

“சரி” என்றார். “போட்டுடுங்க.” அன்று மத்தியானம் அவர் சாப்பிட மேல் மாடிக்கு வரவில்லை. முதுகுவலி என்று சொல்லி அனுப்பினார்.

அச்சுக்கு முந்திய திருத்தப் படி மனைவியின் மேசைக்குப் போனது. பென்சில் அந்த வரியில் வந்து நின்றது. அவர் வாசற்படியில் நின்றுகொண்டு, இளையவன் மகள் வேலையை விட்ட கதை முதல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். புரியாதவள் என்றால் அவரைத் திட்டியிருப்பாள். எல்லாம் புரிந்ததால் திட்டவும் வழியில்லாமல் போயிற்று.

“அவன் கேட்டது நியாயம்தான்” என்றாள்.

“ஆமா.”

“நீங்களும் வேற என்ன பண்ணியிருக்க முடியும்.”

“ஆமா.”

அவள் அந்த வரியில் திருத்த எதுவும் இல்லை என்பதற்கு ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாள். பக்கத்தைத் திருப்பும் முன் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“அன்னிக்கு மேசையில பேசினீங்களே, அந்த ஒரு நாள் நல்லா இருந்துச்சுங்க” என்று சொல்லிவிட்டு, எட்டாவது அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.